வாய்க்கால் கரை எங்கே போனது? சர்வே டேட்டாவை டிசைனருக்கு எந்த ஃபைலில் கொடுப்பது

"சார், நீங்க அனுப்புன ஃபைல் நல்லாத் திறக்குது. ஆனா இடதுபக்கம் வாய்க்கால் கரை இருக்குன்னு சொன்னீங்களே, அதக் காணோமே?"

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சாலையை அகலப்படுத்தும் வேலை. சர்வே முடித்துக் கொடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ரோடு டிசைன் செய்துகொண்டிருந்த பெண் போனில் இப்படிக் கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தக் கரைமேல் நானே நடந்திருக்கிறேன். தரையிலிருந்து 2 மீட்டர் உயரம். உச்சியில் 20 மீட்டருக்கு ஒரு புள்ளி, இருபுற அடிவாரத்திலும் வரிசையாகப் புள்ளிகள் என்று எடுத்திருந்தோம். "புள்ளியெல்லாம் இருக்கு சார், லெவலும் சரியா இருக்கு. கிராஸ் செக்‌ஷன் வெட்டினா ஒரு இடத்துல கரை வருது, பத்து மீட்டர் தள்ளி வெட்டினா தரையாப் படுத்திருக்கு" என்றார்.

அவர் திரையைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. உச்சிப் புள்ளிகளுக்கு நடுவே 20 மீட்டர் இடைவெளி. அடிவாரத்தின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் இடையே 9 மீட்டர்தான். மென்பொருள் அருகருகே இருக்கும் புள்ளிகளைப் பார்த்து முக்கோணம் போடும். இரண்டு உச்சிப் புள்ளிகளுக்கு இடையில், அடிவாரத்தை அடிவாரத்தோடு கரைக்குக் குறுக்கே நேராக இணைத்துவிட்டது. ஒரு கிலோமீட்டர் கரை வரிசையாக நட்ட கூம்புகளாகிவிட்டது.

எங்கள் கணினியில் கரை முழுசாகத்தான் இருந்தது. உச்சியையும் அடிவாரங்களையும் பிரேக்லைனாக (முக்கோணம் குறுக்கே தாண்டக் கூடாத கோடாக) இணைத்துத்தான் கான்டூர் (சம உயரக் கோடு) போட்டிருந்தோம். அனுப்பும்போது, "அவங்க வேற சாஃப்ட்வேர், பாயிண்ட் கொடுத்தாப் போதும்" என்று சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எழுத்து ஃபைல்) மட்டும் அனுப்பினோம். புள்ளிகள் போய்ச் சேர்ந்தன. எந்தப் புள்ளி எதோடு சேரும் என்ற தகவல் எங்கள் அலுவலகத்திலேயே தங்கிவிட்டது.

களத்தில் எடுத்ததை வேறு மென்பொருளில் வேலை செய்பவருக்கு எந்த வடிவில் கொடுப்பது என்று அதற்குப் பிறகு ஒவ்வொரு வேலையிலும் உட்கார்ந்து யோசிக்கிறேன். ஃபைல் திறக்கிறதா என்று கேட்பதை விட்டுவிட்டு, எது எது போய்ச் சேர வேண்டும் என்று கேட்டுத்தான் வடிவத்தைத் தேர்வு செய்கிறேன். போய்ச் சேர வேண்டியவை ஐந்து: புள்ளிகள், அவற்றை இணைக்கும் கோடுகள், கோடுகளை மதித்துப் போட்ட முக்கோணப் பரப்பு, சாலையின் அலைன்மென்ட் (மையக்கோட்டின் போக்கு), இவையெல்லாம் எந்த ஆய அமைப்பில் (coordinate system) இருக்கின்றன என்ற விவரம். எந்த ஒரு ஃபைலும் இந்த ஐந்தையும் பத்திரமாகச் சுமப்பதில்லை. எது எதைச் சுமக்கும், எதை வழியில் போட்டுவிடும் என்பதுதான் இந்த ஒப்பீடு. சாலை, வாய்க்கால் வேலைகளிலேயே அதிகம் பழகியவன் என்பதால் உதாரணங்களும் அங்கிருந்தே வரும்.

சிஎஸ்வி: எல்லோரும் படிப்பார்கள், புள்ளியை மட்டும்

புள்ளி எண், நார்த்திங் (வடக்கு ஆயம்), ஈஸ்டிங் (கிழக்கு ஆயம்), உயரம், புள்ளி எதைச் சேர்ந்தது என்று சொல்லும் குறி (code) என்று வரிக்கு ஒரு புள்ளி. களத்தில் கோணமும் தூரமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷனிலிருந்து சிவில் 3டி வரை, ஓப்பன்ரோட்ஸிலிருந்து கியூஜிஐஎஸ் வரை இதைப் படிக்காத மென்பொருள் கிடையாது. இன்னும் இருபது வருஷம் கழித்தும் நோட்பேடில் திறந்து பார்க்கலாம். கன்ட்ரோல் பாயிண்ட் (ஆயம் உறுதியான ஆதாரப் புள்ளி), பெஞ்ச்மார்க் (உயரம் உறுதியான புள்ளி) பட்டியலைக் கொடுக்க இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது.

ஆபத்து வருவது எளிமையிலிருந்துதான். எந்த நெடுவரிசை நார்த்திங், எது ஈஸ்டிங் என்று ஃபைல் சொல்லாது. சில கருவிகள் ஈஸ்டிங்கை முதலில் எழுதும், சில நார்த்திங்கை. மாற்றி வாசித்தால் ஊரே கண்ணாடியில் பார்த்த மாதிரி புரண்டு நிற்கும். யூடிஎம்மில் (உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் ஆயம் தரும் அமைப்பில்) வேலை செய்தால் தமிழ்நாட்டில் ஒரு சுலபமான சோதனை உண்டு. நம் நார்த்திங் எப்போதும் ஈஸ்டிங்கைவிடப் பெரியது. மதுரைப் பக்கம் நார்த்திங் 10 லட்சத்து 97 ஆயிரத்தை ஒட்டி வரும், ஈஸ்டிங் மண்டலம் 44-ல் 1 லட்சத்து 84 ஆயிரத்தை ஒட்டி வரும். பெரிய எண் ஈஸ்டிங் நெடுவரிசையில் இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். 1000, 1000 என்று தொடங்கும் லோக்கல் ஆயத்தில் இந்தச் சோதனை பலிக்காது. அங்கே தலைப்பு வரி ஒன்றுதான் காப்பு.

அடுத்தது எக்ஸெல். சிஎஸ்வியை "ஒரு தடவை பார்த்துட்டு அனுப்பறேன்" என்று எக்ஸெலில் திறந்து சேமிப்பவர்கள் ஏராளம். 3-4 என்ற புள்ளி எண் ஏப்ரல் 3 ஆகிவிடும். 001 வெறும் 1 ஆகும். 12E3 மாதிரி எழுத்து கலந்த எண் பன்னிரண்டாயிரம் ஆகும். நெடுவரிசையை ஒரு தசமத்துக்குச் சுருக்கிக் காட்டச் சொல்லிவிட்டு சிஎஸ்வியாகச் சேமித்தால், மிச்ச இலக்கங்கள் ஃபைலிலேயே இருக்காது. மில்லிமீட்டரில் எடுத்த லெவல் டெசிமீட்டருக்கு இறங்கிவிடும், யாருக்கும் எச்சரிக்கையே வராது. பார்க்க வேண்டுமானால் நோட்பேடில் பாருங்கள்.

புள்ளியின் குறி ஒழுங்காக இருந்தால் சிஎஸ்வியிலிருந்தே கோடுகளை மீட்டுக்கொள்ளலாம் என்பது உண்மைதான். கரை உச்சிக்கு ஒரு குறி, அடிவாரத்துக்கு ஒரு குறி, வரிசை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று களத்திலேயே பதிந்தால், பெறுபவரின் மென்பொருள் தானாகவே கோடு இழுக்கும். ஆனால் அதற்கு இரு தரப்பும் ஒரே குறிப் பட்டியலை வைத்திருக்க வேண்டும். எங்கள் ஆள் "பிடி" என்று கரை உச்சிக்குப் போட்டது, அவர்கள் பட்டியலில் கட்டட முனையாக இருந்தது. பட்டியலை வேலை தொடங்கும் முன் பேசி முடிக்காவிட்டால் சிஎஸ்வி வெறும் புள்ளிதான்.

கூகுள் எர்த்தின் கேஎம்எல் வடிவில் அனுப்புபவர்களுக்கும் ஒரு வார்த்தை. அட்ச தீர்க்கரேகையில் ஐந்து தசமம் என்பது ஒரு மீட்டருக்குச் சற்று மேல். கூகுள் எர்த்தில் இடம் காட்ட அது போதும். டிசைனுக்குப் போதாது.

டிஎக்ஸ்எஃப், டிடபிள்யூஜி: கண்ணுக்கு எல்லாம் இருக்கும்

1982 டிசம்பரில் ஆட்டோகேட் முதல் பதிப்போடு வந்த டிஎக்ஸ்எஃப் இன்றும் கேட் (கணினி வரைபட) உலகின் பொதுமொழி. சின்ன சர்வே அலுவலகங்களில் பெரும்பாலும் கேட் மென்பொருள் ஒன்றுதான் இருக்கும், சிவில் டிசைன் மென்பொருள் இருக்காது. அதனால் நம் ஊரில் அதிகம் கைமாறுவதும் இதுதான். படமாகப் பார்க்க, அச்செடுக்க, கட்டடம், மரம், மின்கம்பம் எங்கே என்று காட்ட, இதற்கு நிகர் இல்லை.

தரையைக் கொடுக்கும் வழியாக நான் இதை நம்புவதில்லை. படத்தில் 102.345 என்று லெவல் எழுதியிருக்கும். அது வெறும் எழுத்து. அதன் அருகில் இருக்கும் புள்ளியைத் தொட்டுப் பார்த்தால் உயரம் பூஜ்யம். அச்சுக்காக வரைந்த படங்களில் இது சர்வ சாதாரணம். பெறுபவர் அந்தப் புள்ளிகளைக் கொண்டு தரை அமைத்தால் ஊர் முழுக்கக் கடல்மட்டத்தில் கிடக்கும். அது உடனே தெரிந்துவிடும், பரவாயில்லை. பாதிப் புள்ளிகளுக்கு உயரம் இருந்து பாதிக்கு இல்லாமல் போகும்போதுதான் தலைவலி.

கான்டூர் கோடுகளை மட்டும் டிஎக்ஸ்எஃப்பில் கொடுத்து, அதிலிருந்து தரையைத் திரும்ப அமைத்துக்கொள்ளச் சொல்வதும் நடக்கிறது. கான்டூர் என்பது தரையிலிருந்து எடுத்த சாறு. அதை வைத்துத் தரையைத் திரும்பச் செய்தால், ஒரே கான்டூரின் மூன்று புள்ளிகள் சேர்ந்து தட்டையான முக்கோணங்கள் விழும். மேட்டின் உச்சி வெட்டிவிட்ட மாதிரி ஆகும், பள்ளத்தின் அடி நிரம்பிவிடும். அரை மீட்டர் கான்டூரில், அரை மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள வரப்பும் சாலை ஓரமும் அப்படியே மறைந்து போகலாம். சமவெளியில் எர்த்வொர்க் (மண் வெட்டும், நிரப்பும்) கணக்கே அந்த அரை மீட்டரில்தான் இருக்கிறது.

அலைன்மென்டை டிஎக்ஸ்எஃப்பில் வாங்குவதிலும் இதே சங்கதி. வட்ட வளைவு வில்லாகவே வந்துவிட்டால் நல்லது. நேர்கோட்டிலிருந்து வட்டத்துக்குச் சிறிது சிறிதாகத் திரும்பும் டிரான்சிஷன் வளைவுக்கு டிஎக்ஸ்எஃப்பில் இடமில்லை. அது சிறு சிறு நேர்கோட்டுத் துண்டுகளாகத்தான் வரும். 200 மீட்டர் ஆரமுள்ள வளைவை 10 மீட்டர்த் துண்டுகளாக உடைத்தால், ஒவ்வொரு துண்டின் நடுவிலும் 6 சென்டிமீட்டர் விலகல். 1 மீட்டர்த் துண்டாக இருந்தால் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே. எந்த அளவில் உடைத்தார்கள் என்று கேட்காமல் அதைக் களத்தில் மார்க் செய்யாதீர்கள்.

சிவில் 3டியில் செய்த டிடபிள்யூஜியை (ஆட்டோகேட்டின் சொந்த ஃபைலை) சாதாரண கேட்டில் திறந்தால் தரையும் அலைன்மென்டும் தொட முடியாத வெறும் நிழலாக வரும், அல்லது வரவே வராது. அதை அனுப்பும் முன் சாதாரண ஆட்டோகேட் பொருளாக மாற்றி ஏற்றுமதி செய்ய வேண்டும். பழைய தமிழ் எழுத்துருக்களும் சேர்ந்துகொள்ளும். ஊர்ப் பெயரை வானவில்லிலோ பாமினியிலோ தட்டியிருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறிக் கிடக்கும். யூனிகோடில் எழுதுங்கள். அதை வாசிக்கப் போகிறவர் உங்கள் கணினிக்கு முன் உட்காரப் போவதில்லை.

லேண்ட்எக்ஸ்எம்எல்: தரைக்கும் அலைன்மென்டுக்கும் என் தேர்வு

சாலை, வாய்க்கால் வேலைகளுக்கு நான் முதலில் கேட்பது இதைத்தான். 1.0 பதிப்பு 2002-ல் வந்தது. இன்று எல்லோரும் புழங்கும் 1.2 பதிப்பு 2008-ஐச் சேர்ந்தது. அதற்குப் பிறகு புதிய பதிப்பு உறுதியாகவில்லை. பழசுதான், ஆனாலும் சிவில் 3டி, ஓப்பன்ரோட்ஸ், 12டி, டிரிம்பிள், லைக்கா, டாப்கான் என்று டிசைன் பக்கமும் களப் பக்கமும் ஒரே சமயத்தில் படிக்கும் வடிவம் வேறொன்று இன்னும் பரவலாக வரவில்லை.

இதன் பலம், தரையை முக்கோணமாகவே எழுதுவது. முதலில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண், மூன்று மதிப்புகள். அடுத்து ஒவ்வொரு முக்கோணத்துக்கும் அதன் மூன்று மூலைப் புள்ளிகளின் எண்கள். பெறுபவரின் மென்பொருள் யோசிக்க வேண்டியதே இல்லை. நாம் இணைத்தபடியே இணைத்துக்கொள்ளும். தஞ்சாவூர் வேலையில் இரண்டாவது தடவை லேண்ட்எக்ஸ்எம்எல்லில் அனுப்பினோம். கரை முழுசாக வந்து உட்கார்ந்தது.

அலைன்மென்டும் அப்படித்தான். நேர்கோடு, வில், டிரான்சிஷன் என்று ஒவ்வொன்றும் அதன் நீளம், ஆரம் ஆகிய அளவுகளோடு போகும், நெடுக்குவெட்டின் செங்குத்து வளைவும் சேர்த்து. டோட்டல் ஸ்டேஷன் கன்ட்ரோலரில் ஏற்றி, செயினேஜ் (சாலைத் தொடக்கத்திலிருந்து தூரம்) 1+240, இடது 7.5 மீட்டர் என்று கேட்டால் களத்திலேயே புள்ளி காட்டும். டிசைனிலிருந்து களத்துக்குத் திரும்பும் வழியில் இதுதான் பெரிய உதவி. ஆனால் ஏற்றியதும் ஒவ்வொரு வளைவின் தொடக்கம், முடிவு, டிரான்சிஷன் வட்டத்தைத் தொடும் இடம் ஆகியவற்றின் ஆயங்களை டிசைனரின் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தால் கவலை வேண்டாம். சென்டிமீட்டரில் வந்தால் யாரோ ஒருவரின் மென்பொருள் வளைவை வேறு மாதிரிப் புரிந்துகொண்டிருக்கிறது.

அளவு அலகையும் இந்த ஃபைல் தன்னோடு எடுத்துப் போகும். மீட்டர் என்று எழுதியிருக்கும். இதுவே ஒரு தடவை எங்களைத் தடுமாற வைத்தது. பெறுபவர் அடி அளவில் அமைந்த டெம்ப்ளேட்டில் புதுப் படம் திறந்து அதில் இறக்கினார். மென்பொருள் ஒழுங்காக மீட்டரை அடியாக மாற்றியது. 10,97,000 நார்த்திங் 35,99,000 ஆகி, சிஎஸ்வியில் வந்த புள்ளிகள் ஒரு மூலையிலும் தரை இன்னொரு மூலையிலும் நின்றன. ஃபைலில் தப்பே இல்லை, டெம்ப்ளேட்டை மாற்றியதும் சரியாயிற்று.

இதற்கும் ஓட்டைகள் உண்டு. கரை திரும்பி வந்த மறுநாளே அந்தப் பெண்ணிடமிருந்து அடுத்த போன்: "கரை வந்துருச்சு சார். ஆனா குளத்துக்கு மேல தரை போட்டிருக்கு." குளத்துக்குள் நாங்கள் புள்ளி எடுக்கவில்லை. எல்லை போட்டு அந்தப் பகுதி முக்கோணங்களை மறைத்திருந்தோம். லேண்ட்எக்ஸ்எம்எல்லில் மறைத்த முக்கோணங்களும் ஃபைலில் எழுதப்படலாம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் "இதைக் காட்டாதே" என்று ஒரு சின்னக் குறி இருக்கும். அந்தக் குறியைப் படிக்காத மென்பொருள் எல்லாவற்றையும் காட்டிவிடும். குளத்தின் கரையிலிருந்து எதிர்க்கரைக்கு ஒரு பாய் விரித்த மாதிரி தரை. சாலையை அகலப்படுத்த அந்தப் பக்கம் மண் நிரப்ப வேண்டிய இடம் அது. நிரப்பும் அளவு எவ்வளவு குறைந்து வந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் மனசு கலங்குகிறது. எல்லைக் கோட்டைத் தனியாக டிஎக்ஸ்எஃப்பில் அனுப்பி, அவர் பக்கத்தில் மறுபடி எல்லை போட வைத்தோம். இப்போது மறைத்த முக்கோணங்களை மறைப்பதோடு விடாமல் அழித்துவிட்டுத்தான் ஏற்றுமதி செய்கிறோம்.

லேண்ட்எக்ஸ்எம்எல்லுக்கு வட்டார வழக்கும் உண்டு. விதிமுறை ஒன்றுதான் என்றாலும் பல பகுதிகள் கட்டாயமில்லாதவை. பிரேக்லைனை ஒரு மென்பொருள் தரைக்குள்ளேயே எழுதும், இன்னொன்று தனி உருவமாக எழுதும், மூன்றாவது எழுதவே எழுதாது. பெறுபவர் தனக்குத் தெரிந்த பகுதியைப் படித்துவிட்டு மற்றதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போவார். ஏற்றுமதி செய்யும்போது "புள்ளிகள் மட்டும்" என்ற தேர்வு இருந்தால் தொடாதீர்கள். முக்கோணங்களும் போக வேண்டும். அவை போகாவிட்டால் பெறுபவர் திரும்ப முக்கோணம் போடுவார், கரை திரும்பவும் கூம்பாகும்.

டிரோன் தரையைக் கொடுப்பவர்கள் கவனிக்க: புள்ளிகளின் எண்ணிக்கையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு முக்கோணங்கள் வரும். 10 லட்சம் புள்ளி என்றால் 20 லட்சம் முக்கோணம், எல்லாம் எழுத்து வடிவில். டிசைனரின் கணினி மூச்சுத் திணறும். புள்ளித் திரளை எல்ஏஎஸ் அல்லது அதன் சுருக்கிய வடிவமான எல்ஏஇசட்டில் தனியாகக் கொடுங்கள். மரம், வீடு நீக்கி, சமமான இடங்களில் புள்ளியைக் குறைத்து, கரையும் சாலை ஓரமும் பிரேக்லைனாக இருக்கும் மெல்லிய தரையை மட்டும் லேண்ட்எக்ஸ்எம்எல்லில் கொடுங்கள்.

எந்த ஃபைலும் சொல்லாத விஷயம்

ஆய அமைப்புக்கு லேண்ட்எக்ஸ்எம்எல்லில் இடம் இருக்கிறது. பல மென்பொருள்கள் அதைக் காலியாக விட்டுவிடும். சிஎஸ்வியில் இடமே இல்லை. தமிழ்நாட்டில் இது வெறும் சம்பிரதாயக் குறிப்பு அல்ல, ஏனென்றால் யூடிஎம் மண்டலம் 43-ஐயும் 44-ஐயும் பிரிக்கும் 78 டிகிரி தீர்க்கரேகை நம் மாநிலத்தின் நடுவே போகிறது. திண்டுக்கல் அதற்குச் சற்று மேற்கே, மதுரை கிழக்கே. கோவையும் ஈரோடும் 43, கரூரும் சேலமும் 44. கரூரிலிருந்து கோவைக்குப் போகும் சாலை வழியில் மண்டலம் மாறுகிறது. பாதி ஃபைல் ஒன்றிலும் பாதி இன்னொன்றிலும் இருந்தால் இரண்டும் ஆறரை லட்சம் மீட்டர் தள்ளித் தள்ளி நிற்கும். வேலை முழுக்க ஒரே மண்டலம் என்று முதல் நாளே முடிவு செய்து எழுதி வைக்க வேண்டும்.

மண்டல விளிம்பில் இருப்பதற்கு இன்னொரு விலை உண்டு. மதுரையில் தரையில் நாடாவால் அளந்த 1000 மீட்டர், யூடிஎம் ஆயங்களில் கணக்கிட்டால் ஏறக்குறைய 1000.83 மீட்டர். சென்னையில் அதே 1000 மீட்டர் 999.68 ஆகும். தஞ்சாவூரில் 1000.12. கன்ட்ரோல் பாயிண்டை டிஜிபிஎஸ்ஸில் எடுத்து, நடுவில் டோட்டல் ஸ்டேஷனை ஸ்கேல் ஃபேக்டர் ஒன்று என்று வைத்து ஓட்டினால், மதுரையில் கிலோமீட்டருக்கு 83 சென்டிமீட்டர் பொருந்தாது. "டிராவர்ஸ் குளோஸ் ஆகலை" என்று களத்து ஆளைத் திட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். தப்பு அவர் கையில் இல்லை. டேட்டாவைக் கொடுக்கும்போது இது கிரிட் அளவா (யூடிஎம் ஆயத்தில் வருவதா), தரை அளவா, தரை என்றால் எந்தப் புள்ளியை மையமாக வைத்து எந்த எண்ணால் பெருக்கினோம் என்று எழுதுங்கள். பாலத்தின் ஸ்பானை ஆயத்திலிருந்து எடுத்து கர்டர் செய்பவருக்கு இந்த ஒரு வரி எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

உயரத்திலும் இதே சிக்கல். ஜிபிஎஸ் நேராகத் தரும் உயரம் கடல்மட்ட உயரம் அல்ல. நம் பகுதியில் இரண்டுக்கும் ஏறக்குறைய 90 மீட்டர் வித்தியாசம். கடற்கரை ஊரில் மைனஸ் எண்பது சொச்சம் என்று வந்தால் அது எந்த உயரம் என்று உடனே புரிந்துவிடும். உள்நாட்டில் 180 மீட்டர் உயர ஊரில் 90 என்று வந்தால் பார்த்தவுடன் சந்தேகம் வராது. எந்த பெஞ்ச்மார்க்கிலிருந்து லெவல் கொண்டுவந்தோம் என்பதையும் அதன் மதிப்பையும் ஃபைலோடு எழுதிக் கொடுங்கள்.

மற்ற வழிகள்

எம்எக்ஸ் மென்பொருளில் வளர்ந்த நெடுஞ்சாலைக் கன்சல்டன்ட்கள் இன்றும் ஜெனியோ ஃபைல் கேட்பதுண்டு. ஒவ்வொரு கோட்டுக்கும் நான்கு எழுத்துப் பெயர், அந்தக் கோட்டின் புள்ளிகள் வரிசையாக. கோட்டை மையமாக வைத்த வடிவம் என்பதால் கரையும் ஓரமும் அழகாகப் போய்ச் சேரும். கேட்டால் கொடுங்கள், நல்ல வடிவம். கேட்காதவரிடம் திணிக்க வேண்டாம்.

இரு தரப்பும் ஒரே மென்பொருள் வைத்துக்கொள்வது பெரிய நிறுவனங்களுக்குச் சரி. டிசைனர் சர்வே மாதிரியை நேரடியாக இணைத்துக்கொள்ளலாம், ஒரு புள்ளி மாறினால் டிசைனும் மாறும். மாற்றமே தேவையில்லாதபோது இழப்பும் இல்லை. ஆனால் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். புதிய சிவில் 3டியில் சேமித்த தரையைப் பழைய பதிப்பு திறக்காது. நாலு பேர் வேலை செய்யும் சர்வே அலுவலகத்தை வருடா வருடம் லைசன்ஸ் கட்டச் சொல்வது நியாயமும் இல்லை. ஒரே மென்பொருளாக இருந்தாலும் வேலை முடிந்ததும் லேண்ட்எக்ஸ்எம்எல்லும் சிஎஸ்வியும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். பத்து வருடம் கழித்து அந்தச் சாலையை மறுபடி அகலப்படுத்த வருபவர் எதை வைத்திருப்பார் என்று யாருக்கும் தெரியாது.

ஐஎஃப்சி 4.3, 2024-ல் ஐஎஸ்ஓ தரமாக வெளிவந்தது. முன்பு கட்டடத்துக்கு மட்டும் இருந்த வடிவத்தில் இப்போது சாலை, ரயில், பாலம், அலைன்மென்ட் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. டெண்டரில் பிம் (தகவலோடு கூடிய முப்பரிமாண மாதிரி) கேட்டால் டிசைனின் முடிவைக் கொடுக்க இதுதான் வழி, வருங்காலமும் இதன் பக்கம்தான் சாய்கிறது. சர்வேயர் கையிலிருந்து டிசைனருக்குத் தரை போக இன்று நான் இதைத் தேர்வு செய்ய மாட்டேன். களத்துக் கருவிகளில் பெரும்பாலானவை இன்னும் லேண்ட்எக்ஸ்எம்எல் மொழியில்தான் பேசுகின்றன.

கடைசியாக, பலர் கொடுக்கவே கொடுக்காத கச்சா டேட்டா. லைக்காவின் ஜிஎஸ்ஐ ஃபைலில் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு எண் இருக்கும். 21 கிடைக்கோணம், 22 செங்குத்துக் கோணம், 31 சாய்தூரம், 87 பிரிஸம் (கருவியின் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி) உயரம், 81, 82, 83 கணக்கிட்ட ஆயங்கள். டிரிம்பிளுக்கு ஜாப்எக்ஸ்எம்எல், கார்ல்சனுக்கு ஆர்டபிள்யூ5. இவற்றை ஏன் வைத்திருக்க வேண்டும் என்பதற்கு ஒரே உதாரணம் போதும். புதர் மறைக்கிறது என்று ராடைப் பிடித்த பையன் பிரிஸத்தை 1.5 மீட்டரிலிருந்து 2 மீட்டருக்கு உயர்த்துகிறான். கருவியில் மாற்ற மறந்துபோகிறது. அதற்குப் பிறகு எடுத்த புள்ளிகளெல்லாம் அரை மீட்டர் உயரமாகப் பதிவாகும். சிஎஸ்வியில் அந்த உயரத்தைப் பார்த்து எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடியாது, ஊகிக்கத்தான் முடியும். கச்சா ஃபைலில் பிரிஸம் உயரம் வரிக்கு வரி இருக்கும். களப் புத்தகத்தில் "புதர், 2.0" என்று எழுதிய இடத்திலிருந்து மாற்றி மறுபடி கணக்கிட்டால் ஐந்து நிமிட வேலை. டிசைனருக்கு இது தேவையில்லை என்று நினைப்போம். அவர் திறக்காமலே வைத்திருக்கட்டும், ஃபைல் அவரிடம் இருக்க வேண்டும்.

ஆக, எதைக் கொடுப்பது?

வீட்டு மனை, சின்னக் கட்டடத்துக்கான டோபோ (மேடுபள்ள சர்வே) என்றால் தலைப்பு வரியுள்ள சிஎஸ்வியும் உயரம் சரியாக உள்ள டிஎக்ஸ்எஃப்பும் போதும். அதற்கு மேல் செய்வது நேர விரயம்.

சாலை, வாய்க்கால், ஏரிக்கரை என்று கோடுகள் முக்கியமான வேலையில் தரையும் அலைன்மென்டும் லேண்ட்எக்ஸ்எம்எல். அதோடு புள்ளிகளும் கன்ட்ரோலும் சிஎஸ்வியில், பிரேக்லைனும் எல்லையும் மூன்று பரிமாணக் கோடுகளாக டிஎக்ஸ்எஃப்பில், கச்சா ஃபைல்கள் ஒரு ஃபோல்டரில். மண்டலம், கிரிட்டா தரையா, உயரத்தின் ஆதாரம், குறிப் பட்டியல் எல்லாம் அடங்கிய ஒரு பக்கக் குறிப்பும். ஒரே விஷயம் இரண்டு ஃபைலில் இருப்பதை வீண் என்று நினைக்காதீர்கள். ஒன்றை வைத்து இன்னொன்றைச் சோதிக்கத்தான் அது. தரையை இறக்கிய பின் சிஎஸ்வியின் புள்ளிகளை அதன்மேல் வைத்துப் பார்த்தால், ஒவ்வொன்றும் தரையோடு மில்லிமீட்டரில் ஒட்ட வேண்டும். டிசைனர் இறக்கிய தரையை அவரிடமிருந்து திரும்ப வாங்கி, நம் தரையோடு வைத்து வால்யூம் எடுத்தால் வெட்டும் நிரப்பும் பூஜ்யமாக வர வேண்டும். பூஜ்யம் வராத இடத்தில் நிறத்தைப் பார்த்தால் எங்கே பிசகியது என்று படமாகவே தெரியும்.

அந்தத் தஞ்சாவூர் வேலைக்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் ஒரு மாதிரி ஃபைல் வைத்திருக்கிறோம். ஐம்பது சொச்சம் புள்ளிகள்தான். அதில் ஒரு கரை, நடுவில் வெறுமையாக ஒரு குளம், டிரான்சிஷனோடு ஒரு வளைவு. புதிய டிசைனரோடு வேலை தொடங்கும்போது, களத்துக்கு ஆள் அனுப்பும் முன் அதை அவருக்கு அனுப்பி, உங்கள் மென்பொருளில் இறக்கி அப்படியே திருப்பி ஏற்றுமதி செய்து அனுப்புங்கள் என்று கேட்கிறோம். திரும்பி வந்ததும் கரைக்குக் குறுக்கே, இரண்டு உச்சிப் புள்ளிகளுக்கு நடுவில், முதலில் ஒரு செக்‌ஷன் வெட்டிப் பார்ப்பது என் வேலை.